ஒரு செல்லுக்கு ஒரு குழி: எச்.ஐ.வி. எதிர்ப்புச் செல்களைத் தனித்தனியாக அளந்த ஆய்வு

2007 செப்டம்பரில் எச்.ஐ.வி. தடுப்பூசி ஆராய்ச்சி உலகம் ஆடிப்போனது. மெர்க் நிறுவனம் உருவாக்கிய தடுப்பூசியைச் சுமார் 3,000 தன்னார்வலர்களைக் கொண்டு சோதித்துவந்த ‘ஸ்டெப்’ பரிசோதனை பாதியிலேயே நிறுத்தப்பட்டது. தடுப்பூசி தொற்றைத் தடுக்கவில்லை. தொற்று வந்தவர்களின் ரத்தத்தில் வைரஸின் அளவைக் குறைக்கவும் இல்லை.

இதில் மனதை உறுத்துவது தோல்வி மட்டுமல்ல. ஆய்வகத்தில் அந்தத் தடுப்பூசி நன்றாகவே தேறியிருந்தது. அதைப் போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலானோரின் ரத்தத்தில், எச்.ஐ.வி. புரதத்தைக் கண்டதும் இன்டர்பெரான் காமா என்ற புரதத்தைச் சுரக்கும் டி செல்கள் (நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை) இருந்தன. இதை அளக்கும் சோதனைக்கு எலிஸ்பாட் என்று பெயர்; சுரக்கும் ஒவ்வொரு செல்லும் அடித்தளத்தில் ஒரு நிறப் புள்ளியை விட்டுச் செல்லும், அந்தப் புள்ளிகளை எண்ணுவார்கள். 1980களிலிருந்து புழக்கத்தில் இருப்பது, மலிவானது, பல ஆய்வகங்களில் ஒரே மாதிரி செய்யக்கூடியது. எலிஸ்பாட் ‘வேலை செய்கிறது’ என்று சொன்ன தடுப்பூசி மனிதர்களிடம் வேலை செய்யவில்லை. அப்படியானால் நாம் எதை அளந்துகொண்டிருந்தோம்?

டி செல்களில் கொலையாளி வகையான சிடி8 டி செல்லின் முக்கியமான வேலை, வைரஸ் புகுந்த செல்லைக் கண்டுபிடித்துக் கொல்வது. பெர்ஃபோரின், கிரான்சைம் என்ற புரதங்களை எதிரி செல்லுக்குள் செலுத்தி அதைச் சாகடிக்கும். இன்டர்பெரான் காமா சுரப்பது இன்னொரு வேலை. அது மற்ற செல்களுக்குப் போகும் செய்தி. இரண்டும் ஒரே செல்லில் சேர்ந்தே நடக்கும் என்ற எண்ணத்தில்தான் சுரப்பைக் கொலைத்திறனுக்குப் பதிலாக அளந்தார்கள். அந்த எண்ணம் சரியா என்று பார்க்க ஒரே ஒரு வழிதான் இருந்தது: ஒரு தனி டி செல்லைப் பிடித்து, அது கொல்கிறதா, சுரக்கிறதா என்ற இரண்டையும் அந்த ஒரே செல்லிடமே கேட்க வேண்டும். ஒரு செல்லிடம் கேட்டால் போதாது, ஆயிரக்கணக்கான செல்களிடம் கேட்க வேண்டும். அதுவும் நோயாளியின் ரத்தத்திலிருந்து அப்போதுதான் எடுத்த செல்களிடம்.

அதைச் செய்துகாட்டியது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜே. கிறிஸ்டோபர் லவ் நடத்திய ஆய்வகம். நவீன் வரதராஜனை முதல் ஆசிரியராகக் கொண்ட அந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. எச்.ஐ.வி. நோயெதிர்ப்பு ஆய்வில் பல ஆண்டு அனுபவம் கொண்ட ரேகன் நிறுவனத்தின் புரூஸ் வாக்கரும் அதில் சேர்ந்திருந்தார்.

பழைய முறைகள் எங்கே நின்றன

கொலைத்திறனை அளக்கப் பல பத்தாண்டுகளாக இருந்த வழி குரோமியம்-51. டி செல் கொல்ல வேண்டிய இலக்கு செல்களுக்குள் இந்தக் கதிரியக்கத் தனிமத்தை ஏற்றி, டி செல்களோடு கலந்து வைப்பார்கள். செல் செத்தால் குரோமியம் வெளியே கசியும், அதை எண்ணலாம். கிடைப்பது ஒரு சராசரி. ஒரு லட்சம் டி செல்களில் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் கொன்றனவா, அல்லது நூறு செல்கள் மட்டும் வெறிகொண்டு கொன்றனவா என்று அந்த எண்ணிலிருந்து சொல்லவே முடியாது.

செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளி வழியே ஓடவிட்டு அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி தனிச் செல்லைப் பார்க்கும். ஆனால் உள்ளே இருக்கும் சைட்டோகைனுக்கு (இன்டர்பெரான் காமா போன்ற செய்திப் புரதத்துக்கு) சாயமேற்ற, செல்லை ஃபார்மால்டிஹைடில் நிலைநிறுத்தித் துளையிட வேண்டும். பதில் சொன்ன கையோடு செல் செத்துவிடும். எலிஸ்பாட்டில் செல் உயிரோடு இருந்தாலும் எந்தப் புள்ளி எந்தச் செல்லுடையது என்று தெரியாது. செல்களைக் கழுவி ஊற்றிய பிறகுதான் புள்ளிகளையே பார்க்கிறோம்.

இதற்கு மேல் எண்ணிக்கைப் பிரச்சினை வேறு. குறிப்பிட்ட ஒரு எச்.ஐ.வி. புரதத் துண்டை அடையாளம் காணும் செல்கள், சிடி8 செல்களில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் இருந்தாலே ஓரளவு நல்ல எண்ணிக்கைதான். வழக்கமான முறைகளுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் செல்கள் வேண்டும். பெரியவர் கையிலிருந்து எடுக்கும் ரத்தத்தில் அது கிடைக்கும். பச்சிளங்குழந்தையிடமோ, எச்.ஐ.வி. அதிகம் பெருகும் குடல் சவ்விலிருந்து கிள்ளி எடுத்த சிறு திசுவிலோ அவ்வளவுக்கு எங்கே போவது?

சிறிய குழி என்ன செய்கிறது

லவ் ஆய்வகத்தின் வழி, செல்களை ஆயிரக்கணக்கான நுண்குழிகளில் தனித்தனியே இறக்கி அளப்பது. இந்த ஆய்வின் உயிர்நாடி குழியின் கொள்ளளவு. நீளம், அகலம், ஆழம் மூன்றும் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கணக்குப் போட்டால் 125 பிக்கோலிட்டர், அதாவது ஒரு மைக்ரோலிட்டரில் எட்டாயிரத்தில் ஒரு பங்கு.

ஒரு டி செல் வினாடிக்கு 10 மூலக்கூறு என்ற வேகத்தில் சைட்டோகைன் சுரப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 36,000 மூலக்கூறுகள். ஆய்வகங்களில் வழக்கமாகப் புழங்கும் 96 குழித் தட்டில் ஒரு குழிக்கு 200 மைக்ரோலிட்டர் திரவம் பிடிக்கும். அதில் இந்த 36,000 மூலக்கூறுகளும் கடலில் கரைத்த பெருங்காயம்தான்; குறிப்பிட்ட புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியைக் கொண்டு செய்யும் எந்தச் சாதாரணச் சோதனைக்கும் அது எட்டாது. அதே 36,000 மூலக்கூறுகளை 125 பிக்கோலிட்டரில் அடைத்தால் செறிவு 16 லட்சம் மடங்கு கூடுகிறது, ஏறத்தாழ அரை நானோமோலார். அதைப் பிடிக்க எந்த விசேஷக் கருவியும் வேண்டாம், கடையில் வாங்கும் ஆன்டிபாடியே போதும். அரிய செல்லைப் பற்றிப் பேசும்போது நாம் எப்போதும் அதன் எண்ணிக்கையையே நினைக்கிறோம். ஆனால் அதன் பேச்சு நம் காதில் விழாமல் போவதற்குப் பாதிக் காரணம் நாம் அதைப் போட்டு வைக்கும் பாத்திரம்தான் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. எனக்கு இந்தத் தொழில்நுட்பத்தில் மிகவும் பிடித்த இடம் இதுவே.

தூரமும் உதவுகிறது. புரதம் ஒன்று குழியின் அடியிலிருந்து மேலே 50 மைக்ரான் பரவிச் செல்லச் சில வினாடிகளே ஆகும். குழியின் மூடியில் ஆன்டிபாடியைப் பூசி வைத்தால், செல் சுரப்பது ஏறக்குறைய உடனுக்குடன் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும்.

தகடு தயாராகும் விதம்

செய்முறை கணினிச் சில்லுத் தொழிலிலிருந்து வந்தது. சிலிக்கான் தட்டின் மேல் எஸ்யூ-8 என்ற ஒளியுணர் பிசினைப் பூசி, முகமூடித் தகடு வழியாகப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால், ஒளி பட்ட இடம் இறுகிச் சின்னஞ்சிறு கனசதுரத் தூண்களாக நிற்கும். மீதியைக் கரைத்து எடுத்துவிடலாம். இந்தத் தூண்காடுதான் தாய் அச்சு. அதன் மேல் பிடிஎம்எஸ் என்ற சிலிக்கோன் ரப்பரை, பத்துப் பங்கு பிசினுக்கு ஒரு பங்கு இறுக்கி என்று கலந்து, வெற்றிடத்தில் வைத்துக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றி ஊற்றி, சூட்டில் இறுக வைத்து உரித்தால் தூண் இருந்த இடமெல்லாம் குழி. மைக்ரோஸ்கோப்பில் வைக்கும் கண்ணாடி ஸ்லைடு அளவுள்ள ஒரு தகட்டில் சுமார் 85,000 குழிகள். தாய் அச்சை ஒரு முறை செய்துவிட்டால் தகடுகளைத் திரும்பத் திரும்ப வார்த்துக்கொள்ளலாம், சுத்த அறை தேவையில்லை. ரப்பரைக் கொண்டு நுண்ணமைப்புகளை வார்க்கும் இந்த வித்தையை வளர்த்தெடுத்தவர் ஹார்வர்டின் ஜார்ஜ் ஒயிட்சைட்ஸ். லவ் முனைவர் பட்டம் பெற்றது அவரிடம்தான்.

பிடிஎம்எஸ் வழியே ஆக்சிஜன் ஊடுருவும் என்பதால் செல் மூச்சுத் திணறிச் சாவதில்லை. ஆனால் அதன் பரப்பு தண்ணீரை ஒட்டவிடாது. வார்த்த தகட்டின் மேல் அப்படியே திரவத்தைச் சொட்டினால் குழிகளுக்குள் காற்று மாட்டிக்கொள்ளும். மைக்ரோஸ்கோப்பில் வரிசை வரிசையாகக் கருவளையம் கட்டிய குமிழ்களே தெரியும், செல் ஒன்றும் உள்ளே இறங்காது. அதனால் முதலில் ஆக்சிஜன் பிளாஸ்மாவில் காட்டிப் பரப்பைத் தண்ணீர் பிடிக்கும்படி மாற்றுவார்கள். இந்த மாற்றம் நிலையானதல்ல. காய விட்டால் ரப்பர் பழைய குணத்துக்குத் திரும்பிவிடும். உடனே நனைத்து, புரதக் கரைசலில் ஊறவைத்து, ஈரத்திலேயே வைத்திருக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரையில் அரை வரியில் போய்விடும் இந்தப் படி தவறினால் நோயாளியின் மாதிரி முழுவதும் வீண்.

அப்புறம் செல் கரைசலைப் பிப்பெட்டால் தகட்டின் மேல் பரப்பிச் சில நிமிடம் காத்திருப்பது. செல்கள் தம் எடையிலேயே இறங்கிக் குழிகளில் விழும். மேலே தங்கியதை மெல்லக் கழுவிவிடுவது. பம்ப் இல்லை, குழாய் இல்லை.

எந்தக் குழியில் எத்தனை செல் என்பது தற்செயல். குழிக்குச் சராசரி ஒரு செல் என்று கணக்கிட்டு ஊற்றினால், 37 சதவீதக் குழிகள் காலியாக இருக்கும், 37 சதவீதத்தில் ஒரே செல், மீதியில் இரண்டோ அதற்கு மேலோ. இலக்கு செல்களையும் இதே சராசரியில் ஊற்றி, ஒரு டி செல்லும் ஒரு இலக்கு செல்லும் சேர்ந்திருக்கும் குழி வேண்டுமென்றால் இரண்டின் வாய்ப்பையும் பெருக்க வேண்டும்: சுமார் 13.5 சதவீதம். 85,000 குழிகளில் ஏறத்தாழ 11,500. முக்கால்வாசிக்கு மேல் வீணாகிறதே என்று முதலில் தோன்றும். ஆனால் ஒவ்வொரு குழியையும் படம் பிடித்து உள்ளே எது எத்தனை என்று கணினியே எண்ணிவிடுவதால், வேண்டாத குழிகளைப் பிறகு ஒதுக்கிவிடலாம். அந்தக் காலிக் குழிகளுக்கும் பெரிய பயன் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

செதுக்கி அச்சிடுதல்

லவ்வும் நோயெதிர்ப்பு ஆய்வாளர் ஹிடே ப்ளோக்கும் சகாக்களும் 2006இல் வெளியிட்ட ‘மைக்ரோஎன்கிரேவிங்’ முறைதான் அடுத்த படி. செதுக்கிய தகட்டில் மை நிரப்பிக் காகிதத்தில் அழுத்தும் பழைய அச்சுமுறையை மாதிரியாகக் கொண்டு பெயரிட்டார்கள். அப்போது அவர்கள் தேடியது, வேண்டிய ஆன்டிபாடியைச் சுரக்கும் ஹைப்ரிடோமா செல்களை (ஆன்டிபாடி சுரக்கும் செல்லையும் புற்றுச்செல்லையும் இணைத்து உருவாக்கியவை). கோலரும் மில்ஸ்டீனும் 1975இல் ஹைப்ரிடோமாவை உருவாக்கியதிலிருந்து, சரியான செல்லைப் பிரித்தெடுக்கக் கரைசலைத் திரும்பத் திரும்ப நீர்த்துக் காத்திருப்பதே வழக்கமாக இருந்தது. குழித்தகட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட செல்களை 12 மணி நேரத்துக்குள் சலித்துவிட முடிந்தது.

முறை இதுதான். செல்கள் இறங்கிய தகட்டின் மேல், பிடிப்பு ஆன்டிபாடி பூசிய கண்ணாடி ஸ்லைடைக் கவிழ்த்து அழுத்துகிறார்கள். ஒவ்வொரு குழியும் மூடிய தனி அறையாகிறது. இன்குபேட்டரில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்து ஸ்லைடை எடுத்து, ஒளிரும் ஆன்டிபாடியால் சாயமேற்றி ஸ்கேன் செய்தால், சுரந்த செல்லுக்கு நேர் மேலே ஒரு சதுரப் புள்ளி. குழிகள் கட்டம் கட்டமாக, அடையாளம் வைத்து அமைந்திருப்பதால் புள்ளியைக் குழியோடு பொருத்திவிடலாம். செல்லோ கீழே தகட்டில், நல்ல ஊட்டத் திரவத்தில் உயிரோடு இருக்கிறது. இன்னொரு ஸ்லைடைக் கவிழ்த்து வேறொரு கேள்வியும் கேட்கலாம்.

எலிஸ்பாட்டில் இல்லாததும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் இல்லாததும் இங்கே ஒன்றாகக் கிடைக்கின்றன: சுரப்பின் அளவு, செல்லின் முகவரி, செல்லின் உயிர்.

எச்.ஐ.வி. நோயாளிகளின் செல்கள் சொன்னது

2011 ஆய்வில், எச்.ஐ.வி. உள்ளவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்த சிடி8 செல்களையும், எச்.ஐ.வி. புரதத் துண்டைச் சுமந்த இலக்கு செல்களையும் 125 பிக்கோலிட்டர் குழிகளில் சேர்த்து இறக்கினார்கள். இலக்கு செல் செத்ததா என்பதைப் படத்திலிருந்து தெரிந்துகொண்டார்கள். செத்த செல் தன் சவ்வைக் காக்க முடியாமல் சாயத்தை உள்ளே விடும். சைட்டோகைன் வந்ததா என்பதைச் செதுக்கி அச்சிட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஒரே செல், இரண்டு பதில்.

பெரும்பாலான எச்.ஐ.வி. எதிர்ப்புச் செல்களில் இரண்டும் ஒத்துப்போகவில்லை. இலக்கைக் கொன்றவற்றில் பல அந்த நேரத்தில் இன்டர்பெரான் காமாவைச் சுரக்கவில்லை. சுரந்தவற்றில் பல கொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்தவை சிறுபான்மை.

எலிஸ்பாட் புள்ளிகளை எண்ணி ஒரு தடுப்பூசி எத்தனை கொலையாளிச் செல்களை உருவாக்கியது என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது கடினம். ஸ்டெப் ஏன் தோற்றது என்பதற்கு இது முழு விடை என்று நான் சொல்லவில்லை. அந்தத் தோல்விக்கு வேறு காரணங்களும் பேசப்பட்டன, தடுப்பூசியின் மரபணுக்களைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் வாகனமாகப் பயன்பட்ட அடினோவைரஸும் அதில் ஒன்று. ஆனால் அளவுகோலை நம்பி அடி எடுத்து வைத்ததில் இருந்த ஓட்டை இங்கே பளிச்சென்று தெரிகிறது.

அதே சமயம் இந்த முடிவை அவசரப்பட்டு நீட்டிவிடக் கூடாது. அளந்தது உடனடிக் கொலைத்திறனையும் குறுகிய நேரச் சுரப்பையும். ஒரு மணி நேரம் சுரக்காத செல், மூன்றாவது மணியில் சுரக்கலாம் அல்லவா? இதே ஆய்வகத்திலிருந்து 2012இல் வந்த இன்னொரு கட்டுரை இந்தக் கேள்வியில் நேராகக் கை வைத்தது. தூண்டிவிட்ட மனித டி செல்களின் மேல் ஸ்லைடுகளை ஒன்றன் பின் ஒன்றாக மாற்றி மாற்றிக் கவிழ்த்து, ஒவ்வொரு செல்லும் எந்த நேரத்தில் எதைச் சுரக்கிறது என்று தொடர்ந்து பார்த்தார்கள். இன்டர்பெரான் காமா, இன்டர்லியூக்கின்-2, டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற மூன்று சைட்டோகைன்களையும் சுரப்பதாகப் பெயர் வாங்கிய செல்கள்கூடப் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் சுரந்தன. ஒன்றை நிறுத்தி அடுத்ததற்குப் போயின. ‘பல திறன் கொண்ட செல்’ என்று தடுப்பூசி ஆய்வுகளில் நெடுங்காலம் போற்றப்பட்ட நிலை, பல மணி நேரச் சுரப்பைக் கூட்டி ஒரே எண்ணாகப் பார்த்ததன் விளைவும்கூட. ஆகவே 2011 ஆய்வில் கண்ட முரணில் ஒரு பங்கு நேரத்தால் வந்திருக்கலாம் என்றே நான் படிக்கிறேன். முரண் இல்லாமல் போவதில்லை, அதன் பொருள் கூர்மையாகிறது.

ஆயிரத்தில் ஒன்றைத் தேடும்போது

காலிக் குழிகளின் பயன் என்றேனே, அது இங்கே. 25,000 தனிச் செல்கள் கிடைத்தன, அதில் தேடும் செல் ஆயிரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையானவை 25. சோதனை ஆயிரத்துக்கு ஒரு முறை தவறாக ஒளிர்ந்தால், பொய்ப் புள்ளிகளும் 25. கண்ணில் படும் ஐம்பதில் பாதி பொய். தேடும் செல் பத்தாயிரத்துக்கு ஒன்றாக இருந்தால் கதை இன்னும் மோசம்: உண்மை இரண்டோ மூன்றோ, பொய் அதே 25. அரிய செல் ஆய்வில் உணர்திறனைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். கையைக் கட்டிப்போடுவது பெரும்பாலும் பொய்ப் புள்ளி விகிதம்.

அதே தகட்டில், அதே ஸ்லைடின் கீழ், அதே நேரத்தில் இருந்த ஆயிரக்கணக்கான காலிக் குழிகள் இதற்கு ஒரு நல்ல பதிலைத் தருகின்றன. செல் இல்லாத குழி எவ்வளவு ஒளிர்கிறது என்று பார்த்துப் பின்னணியைக் கணக்கிடலாம். தனியாகக் கட்டுப்பாட்டுத் தட்டு வைத்து ஒப்பிடுவதைவிட இது நேர்மையான ஒப்பீடு, ஏனென்றால் தூசி, ஆன்டிபாடிப் பூச்சின் ஏற்ற இறக்கம், பக்கத்துக் குழியிலிருந்து கசிவு எல்லாமே அந்த எண்ணுக்குள் வந்துவிடுகின்றன.

இன்னொரு பதில், சந்தேகப்படும் செல்லையே வெளியே எடுத்துப் பார்ப்பது. மெல்லிய கண்ணாடிக் குழலைக் குழிக்கு மேல் கொண்டுபோய் உறிஞ்சி, செல்லை வளர்ப்புத் தட்டில் விட்டு, பெருக வைத்து, மறுபடி அதே புரதத் துண்டைக் காட்டுகிறார்கள். 2012இல் வெளியான மற்றொரு ஆய்வில் வரதராஜனும் லவ்வும் இதையே செய்தார்கள். பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் செல்களிலிருந்து தொடங்கி, 24 மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி. எதிர்ப்புச் செல்களை அடையாளம் கண்டு, அவற்றிலிருந்து ஒரே மூதாதையின் வழிவந்த செல் வரிசைகளை வளர்த்தெடுத்தார்கள். பழைய முறைகளுக்குத் தேவைப்பட்டதில் நூறில் ஒரு பங்கு முதல் ஆயிரத்தில் ஒரு பங்கு செல்களே போதுமாக இருந்தன. என் பார்வையில் 2011இன் முடிவைவிட இதுவே நீண்ட பயன் தருவது. கைக்குழந்தையின் சில துளி ரத்தமும், குடலிலிருந்து கிள்ளி எடுத்த சிறு திசுவும் அதோடு ஆராயத்தக்க மாதிரிகள் ஆகிவிட்டன.

குழி தராதவை

தனிமைப்படுத்துவதற்கு விலை உண்டு. உடலில் டி செல் தனியாக வாழ்வதில்லை. பக்கத்துச் செல்களின் சைட்டோகைனில் நனைந்தபடி முடிவெடுக்கிறது. குழிக்குள் அந்த அக்கம்பக்கம் இல்லை. தன் சுரப்பையே செறிவாகத் திரும்பப் பெறும் செல், உடலில் நடந்துகொள்வது போலவே இங்கும் நடந்துகொள்ளும் என்று கருத முடியாது. ஒரு ஸ்லைடில் ஒரே நேரத்தில் அளக்கக்கூடிய சைட்டோகைன்கள் நிறங்களின் எண்ணிக்கையோடு நின்றுவிடும், மூன்று நான்கு. செல்லைக் குழலால் எடுப்பதும் ஒவ்வொன்றாகத்தான்.

நிறங்களின் தடையை உடைக்க வேறு வழியில் போனது சீக்-வெல். லவ்வும் அலெக்ஸ் ஷாலெக்கும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட முறை. அதே மாதிரிக் குழிகள். குழிக்கு ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் தனி டிஎன்ஏ முத்திரை கொண்ட மணிகள். மேலே நுண்துளைச் சவ்வு ஒன்றை ஒட்டிவிடுகிறார்கள். கரைசல் மாற்றம் சவ்வு வழியே நடக்கும், ஆர்என்ஏ வெளியேறாது. செல்லை உடைத்ததும் அதன் ஆர்என்ஏ அந்தக் குழியின் மணியில் ஒட்டிக்கொள்ள, ஆயிரக்கணக்கான செல்களின் மரபணுச் செயல்பாட்டையும் ஒரே தடவையில் வாசிக்கலாம். பெரிய கருவி வேண்டாம் என்பதால், காசநோய்க் கிருமி புகுந்த மேக்ரோஃபேஜ்களை (கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்களை) பாதுகாப்பு அறைக்குள்ளேயே வைத்துச் செய்துகாட்டினார்கள். ஆனால் இங்கே செல் உடைந்துபோகிறது. எல்லா மரபணுக்களையும் படிக்கலாம், அந்தச் செல்லிடம் இன்னொரு கேள்வி கேட்க முடியாது.

வரதராஜன் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு எதிர்ப்பக்கமாக நடந்தார்: செல்லை உயிரோடு வைத்து, குழிகளைத் தொடர்ச்சியாகப் படம் எடுத்து, டி செல்லும் புற்றுச்செல்லும் மோதுவதைக் காலவரிசையில் பார்ப்பது. புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மரபணு மாற்றிய கார்-டி செல்களைக் குழிகளில் இட்டு அவர் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், உதவிச் செல்களாகக் கருதப்படும் சிடி4 வகையும் பல புற்றுச்செல்களைக் கொல்வது தெரிந்தது. சிடி8 அளவுக்கு வேகமில்லை, அவ்வளவுதான். அதிகமாக நகர்ந்து திரியும் ஒரு சிறுபான்மை, இரு வகையிலுமே திறமையாகக் கொன்றது. ஒரே ஒரு புற்றுச்செல்லோடு தனியே ஒட்டிக்கொண்ட டி செல்கள் சீக்கிரமே தாமும் செத்தன.